கணவாய்விளையின் மேல்மாடிக் காற்று

பங்குனி வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கிய ஒரு காலையில், மேற்கு மலைக் கணவாய் வழியாக எப்போதும்போல் காற்று இறங்கி எங்கள் ஊர் முருங்கை மரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, பால்காரர் நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, "ஏ மக்கா, வீடெல்லாம் வளந்து போச்சே" என்றார். கூப்பாடு போடவில்லை, யார் வீட்டிலோ மாடு கன்று போட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடும், முற்றம் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியோடும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். வளர்ந்துதான் இருந்தன. முந்தின நாள் வரை ஓட்டு வீடும் ஒற்றைத் தள வீடுமாகத் தாழ்ந்து கிடந்த கணவாய்விளை நடுத்தெருவில் சில வீடுகளுக்கு மேல் ஒரு மாடி, சில வீடுகளுக்கு மேல் இரண்டு, பேக்கரி சுயம்புலிங்கம் வீட்டுக்கு மேல் மட்டும் எண்ணினால் கழுத்து வலிக்கிற அளவுக்கு மாடிமேல் மாடி. எல்லாம் அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே பச்சை ஜன்னல், ஏறிப்போக ஒழுங்கான படிக்கட்டு வேறு. கொத்தனார் சட்டி ஒன்றுகூட எங்கும் கிடக்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை, ஏறிப் பார்க்கத்தான் நேரமிருந்தது. எங்கள் வீட்டில் ஏறினோம், இறங்கினோம், அடுத்த வீட்டில் ஏறினோம். சில மாடிகள் முழுசாக முடிந்திருந்தன; சில மாடிகள் கால்வாசியிலோ அரைவாசியிலோ நின்று மிச்சம் வெறும் மொட்டைமாடியாகக் கிடந்தன. கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் பழைய உயரத்திலேயே இருந்தன, அவர்களும் வந்து எங்களோடு ஏறி இறங்கினார்கள். விரல் தண்டிச் சங்கிலி போட்டுக்கொண்டு புல்லட்டில் போகிற ஒருவருடைய வீட்டுக்கு மேல் ஒரு செங்கல்கூட முளைக்கவில்லை என்பதை மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. பத்து வருஷமாக "யாவாரமே இல்ல மக்கா" என்று அழுதுகொண்டிருந்த சுயம்புலிங்கம் நீலத் தார்ப்பாயை வாங்கிவந்து தன் மேல்மாடிகளைச் சுற்றிக் கட்டிவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "அது தண்ணி டேங்க்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, பிளான் அப்ரூவல் இல்லாமல் எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்க, நாங்கள் எங்கே கட்டினோம் என்று நாங்கள் திருப்பிக் கேட்க, அந்த அம்மா நாங்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் ஞானசிகாமணி வேலைவிட்டு வந்தார். ஓர் அரசு அலுவலகத்தில் ரொம்ப வருஷமாக எழுத்தராக இருப்பவர். அரசாங்கச் சங்கதி எது புரியாவிட்டாலும் தெருக்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். அவர் தெருவின் கிழக்கு முனையில் நின்று, யார் வீட்டுக்கு எத்தனை மாடி என்று கடைசி வீடு வரை பார்த்துக்கொண்டே வந்து, வைத்தியர் நோயின் பேரைச் சொல்வதுபோல, "இது வருமான வரி" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. யாருக்கு வருஷத்தில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுக்கு, வரியின் ஒரு படிக்கு ஒரு மாடியாக, வீடு வளர்ந்திருந்தது. ஞானசிகாமணி வீட்டில் இரண்டு மாடி, இரண்டும் விளிம்பு வரை நிரம்பியவை. எதிர்வீட்டில் அவருடைய தம்பி எட்வின் குடும்பம். அங்கேயும் நிரம்பிய இரண்டு மாடி, ஆனால் அது எட்வினால் வந்ததல்ல, அவன் மனைவி பொன்சீலியின் சம்பளத்தால் வந்தது. எட்வினுக்குத் தெருமுனையில் இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கிற ஷெட் ஒன்று உண்டு. அந்த ஷெட் தகரக் கூரையோடு இருந்தபடியே இருந்தது. "அவரவர் வருமானம் அவரவர் தலைக்கு மேல" என்று அதைப் பார்த்துச் சொன்னார் ஞானசிகாமணி.

மாடிகளுக்குள் காற்று இருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் ஞானசிகாமணியின் மனைவி லீலாபாய். பப்படம் போட்டு விற்கிறவர், பாய்க்கு நூறு என்று வரிசையாகப் பரத்தி உலர்த்துவார். திடீரென்று இவ்வளவு இடம் கிடைத்தால் விடுவாரா? தன் வீட்டு மாடிகளில் பாய் விரித்தார், இடம் போதாமல் பொன்சீலி வீட்டு மாடிகளிலும் விரித்தார். மத்தியானம் எடுக்கப் போனபோது கீழ்த்தளத்துப் பாயில் நூறும் அப்படியே இருந்தது. முதல் மாடியில் ஒரு சின்னக் காற்று, ஜன்னல் எதுவும் திறக்காமலே எங்கிருந்தோ வந்து, பாயிலிருந்து ஐந்து பப்படத்தை மட்டும் வலிக்காமல் தூக்கிக்கொண்டு வெளியே போனது. இரண்டாம் மாடியில் அதைவிடத் துடிப்பான காற்று பத்தைத் தூக்கியது. ஐந்து என்றால் ஐந்துதான், ஆறாவதை அது தொடவில்லை. மிளகாய் வற்றலைப் பரத்திப் பார்த்தோம், புளியங்கொட்டையைப் பரத்திப் பார்த்தோம், நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து, கணக்கு மாறவில்லை. சம்பளத்தில் எதைப் பிடிக்கிறார்களோ அதைக் காற்று எங்கள் கண் முன்னால் செய்து காட்டியது. அன்றிலிருந்து தெருவில் முதல் மாடி என்றோ இரண்டாம் மாடி என்றோ யாரும் சொல்வதில்லை. அஞ்சு மாடி, பத்து மாடி, அதற்கு மேல் ஞானசிகாமணி சொன்ன விகிதப்படி பதினஞ்சு மாடி என்றே பேர் விழுந்துவிட்டது.

பறந்துபோன பப்படங்களின் பின்னாலேயே எட்வின் பைக்கில் போய்ப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாக வானத்தில் வரிசை போட்டுப் போனவற்றில் கொஞ்சம் அரசு ஆஸ்பத்திரி வாசலிலும், கொஞ்சம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்திலும், கொஞ்சம் கால்வாய்மேல் பாதியில் நிற்கிற பாலத்திலும் இறங்கின. பாலத்து வேலையாட்கள் அவற்றைப் பொரித்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டார்கள்.

"போனது முழுசும் வந்து சேரல" என்று திரும்பிவந்து சொன்னான் எட்வின். "வழியில கொஞ்சம் கொறையுது."

"எங்க கொறையுது?"

"அத மட்டும் கேக்காதிய" என்றான். நாங்களும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. பிள்ளைகள் அஞ்சு மாடியில் நின்று பட்டம் விட்டார்கள், ஐந்தாறு பட்டம் பறிபோனால் அழாமல் புதிது செய்தார்கள். கல்யாணத் தரகர் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் தெருமுனையில் நிறுத்தி மாடியைக் காட்டினார், ஜாதகத்தைப் பையிலிருந்து எடுக்கிற வேலையே இல்லாமல் போனது. எல்லோரும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் மருந்துக் கடையில் தைலம் தீர்ந்துவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்றுதான், பயம். அந்தப் பயத்தை எங்களுக்குத் தந்தவர் ஞானசிகாமணி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, ஐப்பசி முடிகிற நேரம். தெரு முழுக்க அல்வா கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷம் பிறந்ததும் அவர் கையில் வந்த சம்பளம் பழையதைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த இரண்டு மாதமும் குறைவு. அவர் பயந்துபோய், எனக்கு இந்த உயர்வு வேண்டாம், பழைய இடமே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த வாய்ப்புகளையும் வேண்டாம் என்றார். "கூடுதலா வந்தா எல்லாத்துக்கும் சேத்துக் கூடுதலாப் பிடிப்பான், கையில வாறது கொறையும், நான் பட்டவன்" என்று அவர் சொன்னதைத்தான் தெரு வேதவாக்காக வைத்திருந்தது. மாடிகள் வந்தபிறகு அந்தப் பேச்சுக்குப் படிக்கட்டும் கிடைத்துவிட்டது.

"மூணாவது மாடி மொளச்சா, அந்தப் பதினஞ்சு காத்து மேலேயே நிக்கும்னு நெனைக்கியளா?" என்று கேட்டார். "படி வழியா எறங்கி அடுப்படி வரைக்கும் வரும். எல்லாப் பாயிலயும் பதினஞ்சு எடுக்கும். இப்ப நூறா கெடக்குத கீழ்த்தளத்துலயும் எடுக்கும்."

பிறகு எங்கள் தெருவில் நடந்ததை வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த கணக்கு சார் பாதிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். நர்ஸ் வேலை பார்க்கிற பெண் கூடுதல் ஷிப்டு வேண்டாம் என்றாள். கடையை வாடகைக்கு விட்டிருந்தவர் அதில் இருந்தவரைப் போகச் சொல்லிப் பூட்டிப்போட்டார். கம்பெனியில் போனஸ் கிடைத்த ஒருவர் வீட்டில் இழவு விழுந்ததுபோல ஆனது. மூன்றாவது மாடியும் அதற்கு மேலும் இருந்தவர் ஊரில் சுயம்புலிங்கம் ஒருவர்தான். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் காற்று வருகிறதா இல்லையா என்று பார்க்க அவர் யாரையும் உள்ளே விடவில்லை.

பொன்சீலிக்குத் தொலைபேசி வந்தது இந்தச் சமயத்தில்தான்.

கணவாயின் வாயில் வரிசையாக நிற்கிற காற்றாலைகள் இருக்கின்றனவே, அங்கே பொன்சீலிக்கு வேலை. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சேர்ந்தபோது அந்தக் கோபுரங்களில் ஏறிய முதல் பெண் அவள்தான். ஆனி ஆடிக் காற்றில் கோபுரம் தலையாட்டும்போது மேலே போய் உட்கார்ந்து பழுதுபார்த்துவிட்டு, இறங்கிவந்து ஒன்றும் நடக்காததுபோல டிபன் டப்பாவைத் திறப்பாள். எந்த இயந்திரம் எந்தச் சத்தத்தோடு சுற்றினால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கே மேலாளர் ஆக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை, இனிப்புக் கடையைத் தாண்டிப் போகிற பிள்ளைக்கு இருக்கிற மாதிரியான ஆசை. அவள் பயிற்சி கொடுத்த இரண்டு பெண்கள் ஒப்பந்தக் கூலியாகவே கிடந்தார்கள், அவர்களை நிரந்தரமாக எடுக்க மேலாளரால்தான் முடியும். ஏற்கனவே ஒருமுறை அந்த நாற்காலி அவளைத் தேடி வந்து, பெரியத்தான் ஞானசிகாமணியின் பேச்சைக் கேட்டு அவள் வேண்டாம் என்றிருந்தாள். இப்போது மறுபடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும், அதற்குப் பிறகு கேட்க மாட்டோம் என்று சென்னையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எட்வின் சாயா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"வேண்டாம் பொன்சீலி. இருக்கது போதும். நமக்கு என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. எனக்கு அந்த வேலை வேணும்."

"வேலை வேணும், சரி. கீழ்த்தளத்துல இருக்க பாயையும் காத்து கொண்டு போச்சுன்னா? அண்ணன் பட்டவரு பிள்ளே."

"நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க" என்றாள் பொன்சீலி. "நம்ம வீட்டுல பத்து மாடி இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பத்து காத்து என்னைக்காவது அஞ்சு மாடிக்கு எறங்கிப் போயிருக்கா? லீலாக்கா பாயில அஞ்சுக்கு மேல ஆறு போயிருக்கா?"

எட்வின் யோசித்தான். "இல்ல."

"பத்து எறங்கல. பதினஞ்சு மட்டும் ஏன் எறங்கணும்? அதுக்குப் படி தெரியுமா?"

எட்வின் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் அதையே கேட்டான். சட்டைப் பித்தானைப் போட்டபடி வெளியே வந்த ஞானசிகாமணி, "அது பழகின காத்துலே. புதுசா வாறது அப்படி இருக்காது" என்றார். ஆனால் அந்தக் கேள்வி அதற்குள் ஜன்னலுக்கு ஜன்னல் தாவிவிட்டது. பத்து எறங்கலியே? ஆமா, எறங்கலதான். எங்க வீட்டுலயும் எறங்கல. கணக்கு சார் பனியனோடு தெருவுக்கு வந்துவிட்டார். நர்ஸ் பெண் பஸ்ஸை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவே பொன்சீலி வீட்டு வாசலில் நின்றது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கிற மாதிரி.

பொன்சீலி தன் தலைக்கவசத்தை மாட்டி வாரை இறுக்கினாள். லீலாபாய் யாரும் சொல்லாமலே நான்கு பாய்களைக் கொண்டுவந்து, பாய்க்கு நூறாகப் பப்படம் பரத்தி, ஒன்றைக் கீழ்த்தளத்திலும், ஒன்றை அஞ்சு மாடியிலும், ஒன்றைப் பத்து மாடியிலும் போட்டார். நான்காவதைப் பொன்சீலியே சுருட்டாமல் இரண்டு கையில் தாங்கி எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடியில் விரித்தாள்.

"ஏ பொன்சீலி, எறங்கு" என்று தெருவிலிருந்து கத்தினார் ஞானசிகாமணி. "நான் சொல்லுதத கேளு. உள்ளதும் போயிரும்."

"பெரியத்தான், நீங்க ஒரு தடவ பயந்திய. நான் ஒரு தடவ பயந்தேன். ரெண்டு பேரு பயந்தது போதும்" என்று மேலிருந்து சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். சென்னையில் யாரோ எடுத்தார்கள்.

"சார், பொன்சீலி பேசுதேன். அந்த வேலையை நான் எடுத்துக்கிடுதேன். ஆமா சார். சம்மதம்."

சம்மதம் என்ற வார்த்தை முடிவதற்குள் வீடு அசைந்தது. ஆப்பச் சட்டியில் விளிம்பு பொருபொருவென்று மேலே எழும்புமே, அந்த மாதிரி மொட்டைமாடியின் நான்கு ஓரமும் எழும்பின. செங்கல்மேல் செங்கல் தானாக ஏறி அவள் முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, தோளுக்கு வந்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, பச்சைக் கதவு வைத்துக்கொண்டு மேலே போய்க் கூரையாகக் கவிந்தது. கூரை மாடியின் சரிபாதியை மூடியதோடு நின்றது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். அப்போது கணவாய்ப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. இதுவரை எங்கள் மாடிகளில் வந்தவை இரண்டும் கன்றுக்குட்டிகள் என்றால் இது காளை. முருங்கை மரங்கள் படுத்தன, சுயம்புலிங்கத்தின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய் அவருடைய மாடிகள் எல்லாம் அம்மணமாக நின்றன, அது வீட்டைச் சுற்றி ஒரு தடவை வந்து புது மாடிக்குள் புகுந்தது.

எட்வின் அதற்கு முன்பே கீழ்த்தளத்துக்குள் பாய்ந்து, பாய்மேல் பந்தல் மாதிரி நான்கு காலில் நின்று, தன் முதுகால் பப்படங்களைக் காத்துக்கொண்டிருந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான். காற்று வரக் காத்திருந்தான், வரவில்லை. காலண்டர் தாள்கூட அசையவில்லை.

"எட்வினு, எந்திரி" என்றார் லீலாபாய் வாசலில் நின்று. "நான் எண்ணணும்."

எண்ணினார். அவர் எண்ணும்போது வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. தெருவில் நின்ற நாங்கள் அவருடைய வாயையே பார்த்தோம். நிமிர்ந்து, "நூறு" என்றார். ஒரு "ஓ" எழுந்தது. லீலாபாய் படியேறினார். அஞ்சு மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. "இங்க அஞ்சு போயிருக்கு, அஞ்சேதாம்." பத்து மாடி ஜன்னலில் தெரிந்தது. "இங்க பத்து." மூச்சிரைக்க மேலே போய்ப் புது ஜன்னலைத் திறந்து, முந்தானை கொடி மாதிரி படபடக்க, தெருவுக்கும் அதைத் தாண்டிய வயல்களுக்கும் கேட்கும்படி கத்தினார்: "இங்க மட்டுந்தாம் பதினஞ்சு."

பிறகு யார் யாருக்கு முன்னால் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. நாங்கள் எல்லோரும் அந்தப் படிகளில் இருந்தோம். பாய்களை நாங்களும் எண்ணினோம், எண்ணியதையே திரும்ப எண்ணினோம், எண்ணுகிற சாக்கில் இரண்டு பப்படம் மிதிபட்டது. எட்வின் பொன்சீலியின் தலைக்கவசத்தை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, "எறங்கல பிள்ளே, எறங்கவே இல்ல, காலண்டரு அசையல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பொன்சீலி காற்றில் ஒரு காலை முன்னால் வைத்து, கோபுரத்தின் உச்சியில் நிற்பதுபோல நின்று சிரித்தாள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்தபிறகு ஞானசிகாமணி வந்தார். கீழ்த்தளத்துப் பாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். அஞ்சு மாடியில் எண்ணினார், பத்து மாடியில் எண்ணினார். புது மாடிக்கு வந்தபோது அவருக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது, அந்தக் காற்றிலும்.

"எல்லாத்துலயும் பதினஞ்சு போயிருந்தா அறுபது போயிருக்கணும்" என்றார்.

"ஆமா பெரியத்தான். போனது முப்பது. அதுலயும் பாதி இந்த மாடிக்கு உள்ளது."

"இந்தப் பாயில பாக்கி எண்பத்தஞ்சு."

"இந்த மாடியே இல்லன்னா அந்த எண்பத்தஞ்சும் எனக்கு இல்ல."

அவர் மெல்ல, பிள்ளையிடம் கேட்பதுபோல இல்லாமல் பிள்ளையே கேட்பதுபோலக் கேட்டார்: "அப்ப எனக்கு மட்டும் அந்த மூணு மாசம் ஏன் கொறஞ்சுது?"

"உங்களுக்கு உயர்வு வந்தது ஐப்பசியில. வருஷம் முழுசுக்கும் பிடிக்க வேண்டியத மொதல்ல இருந்தே பிடிக்காம, கடைசி மூணு மாசத்துல சேத்துப் பிடிச்சுட்டாவ. அடுத்த சித்திரையில இருந்து பரவலாப் பிடிச்சிருப்பாவ, கையில வாறது கூடியிருக்கும்" என்றாள் பொன்சீலி. எங்கள் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும், ஆனாலும் அதுவரை நாங்கள் யாரும் அதை இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. "நீங்க சித்திரை வரைக்கும் பொறுக்கல."

லீலாபாய் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் கணவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தோம். கணவர் சம்பளம் கூடாததால் பத்துப் பன்னிரண்டு வருஷம் பப்படம் தேய்த்த கை அவருடையது, திட்ட உரிமை இருந்தது. அவர் வந்து ஞானசிகாமணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னும் சர்வீஸ் இருக்குல்லா" என்றார்.

ஞானசிகாமணி அவரைப் பார்த்தார். "ரெண்டு இடம் காலியாத்தாம் கெடக்கு" என்றார். "என்னைய கேக்கதயே நிறுத்திட்டாவ."

"அப்ப நீங்க போயி கேளுங்க."

திங்கட்கிழமை அவர் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். அந்த வாரத்திலேயே தெரு பொங்கத் தொடங்கிவிட்டது. கணக்கு சார் திருப்பி அனுப்பிய பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தார். பூட்டிக் கிடந்த கடையில் செல்போன் கடை வந்தது. நர்ஸ் பெண்ணின் வீட்டில் பத்து மாடி ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு முளைத்து, ஷிப்டுக்கு ஷிப்டு அகலமாகிக்கொண்டே வந்தது, அவள் தினமும் வேலைவிட்டு வந்ததும் முதலில் அங்கேதான் ஓடுவாள். ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஊர் வரும்போது ஜன்னல் பக்கம் இடம் பிடித்தார்கள். பொன்சீலி தன் இரண்டு பெண்களையும் நிரந்தரமாக எடுத்துக்கொண்டாள், அவர்களுடைய ஓட்டு வீடுகளுக்கு மேல் அஞ்சு மாடி கால்வாசி வந்தபோது அவர்களுடைய அம்மாக்கள் பாயசம் வைத்தார்கள். ஞானசிகாமணியின் உத்தரவு மட்டும் வரவில்லை. அரசாங்கக் காரியம் அப்படித்தான் என்று நாங்கள் அவருக்கு ஆறுதல் சொன்னோம். அவர் சாயங்காலங்களில் மொட்டைமாடியில் நின்று வெறும் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிக் காற்று உச்சத்தில் இருந்தபோது, தான் லீவு போட்டிருந்த ஒரு நாள் காலையில், அவர் மொட்டைமாடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கையில், உத்தரவு கையெழுத்தானது. தபால் வரவில்லை, போன் வரவில்லை. வீடுதான் முதலில் சொன்னது. அவரைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர் எழும்பியதைத் தெருவில் நின்ற பிள்ளைகள் பார்த்துக் கத்தினார்கள், நாங்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம், லீலாபாய் எல்லோருக்கும் முன்னால் படியில் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புது மாடியின் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, எண்ணெய் வழிகிற முகத்தோடு, துண்டு ஒரு பக்கம் பறக்க வேட்டி ஒரு பக்கம் பறக்க, அவர் அந்தக் காற்றில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் பொன்சீலியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏ பொன்சீலி, இதுக்கு மேல என்ன காத்து?"

"இருபது, பெரியத்தான்."

"அதுக்கும் மேல?"

"இருபத்தஞ்சு. பெறவு முப்பது. அதோட சரி."

ஞானசிகாமணி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, இன்னும் எதுவும் முளைக்காத அந்த நீல வெளியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறிப் பாத்துருவோமே" என்றார்.